பதினொரு வினாடி இருமல்

முதல் நாளே சொல்லிவிட்டார் உர்ஸ்:
இங்கே யாரும் யாருக்கும் 'நீங்கள்' இல்லை,
என்னையும் நீ என்றே கூப்பிடு.
ஓல்டன் ரயிலடிக்குப் பின்னால் பழைய பண்டகசாலை,
வட்ட மேசை, ஆறு பிள்ளைகள், ஒரு கிண்ணம் அப்பிள்.
நாக்குக் கூசியது.
அவருக்கு நாற்பத்தெட்டு, எனக்குப் பதினாறு.
முப்பத்திரண்டு வருஷத்தை
ஓரெழுத்தால் தாண்டினேன்.

மேசைதான் வட்டம்.
சாவிக்கொத்து அவர் இடுப்பில்.

நான் கொண்டுபோனது
எங்கள் கட்டிடத்துச் சலவை அறைக் கதை.
பதினான்கு நாளைக்கு ஒருமுறை எங்கள் முறை.
மூன்றாம் மாடி நீடர்ஹவுசர் அம்மையார்
உலர்த்தியின் வடியில் எங்கள் பஞ்சைக் கண்டுபிடித்து
உறையிலிட்டுக் கதவில் ஒட்டினார்.
அப்பா அதைத் தபாலில் திருப்பி அனுப்பினார்,
முத்திரை ஒட்டி.
சொல்லும்போதே சிரித்து, சிரிப்பு முற்றி
இருமிப்போனார்.
ஒலிவாங்கி நடுங்க நானும் சிரித்தேன்.

உர்ஸ் கண்ணை மூடிக் கேட்டார்.
அருமை, ஆனால் உன் கதை இதற்கு அடியில் இருக்கிறது.
அப்பா எப்படி இந்த நாட்டுக்கு வந்தார்?
முடிவு உன்னுடையது, நான் சும்மா சொல்கிறேன்.
சும்மா சொன்னதை
எழுதியும் வைத்துக்கொண்டார்.

ஒலிபரப்பான சனிக்கிழமை
அம்மா சோற்றுப் பானையை இறக்கிவிட்டு வந்தா.
சிரிப்பு இல்லை. உறை இல்லை. முத்திரை இல்லை.
அப்பாவின் இருமல் மட்டும், பதினொரு வினாடி,
அதன் அடியில் ஒரு செல்லோ.
பிறகு என் குரல்:
'அப்பா இதைப் பற்றிப் பேசுவதில்லை.'
உலர்த்தியைப் பற்றி நான் சொன்னது அது.
'ஆர் பிள்ளை செத்தது?' என்றார் அப்பா.

பரிசு கிடைத்தது. பேர்னில் மேடை.
படத்தில் என் தோளில் அவர் கை.
கெட்ட கை இல்லை, அதையும் சொல்ல வேண்டும்.
பயணச்சீட்டு எடுத்துத் தந்த கை,
தொழிற்பயிற்சிக்கு எனக்குப் பரிந்துரைக் கடிதம்
எழுதவிருந்த கை.
எனக்கு அந்தக் கடிதம் வேண்டும்.
உனக்கு நன்றி, என்றேன்.

இந்த வருஷம் நான் உதவிப் பயிற்சியாளர்.
எதிரே எல்மெடின், பன்னிரண்டு வயது,
தன் ஆமையைப் பற்றிப் பேச வந்தவன்.
ஆமை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.
இடையில் ஒருதரம் அக்காவின் பெயரைச் சொல்லி
நிறுத்திவிட்டான்.
என் விரல் தானாக ஒலியைக் கூட்டியது.
'அதை இன்னொருக்கால் சொல்லு,
கொஞ்சம் மெதுவாக.'

அவன் என் இடுப்பைப் பார்த்தான், சாவியை.
பிறகு கேட்டான்:
உங்களை நான்
நீ என்றா சொல்ல வேண்டும்?