மட்டும்

எங்கள் இதழின் பெயருக்குக் கீழே
அட்டையில் ஒரு சின்ன வரி:
மலைப்பாதை மிதிவண்டிக்கு மட்டும்.
அந்த 'மட்டும்' லெவின் போட்டது,
ஒன்பது வருடம் முன்பு, அஸ்தம்பட்டியில்,
தட்டுவடை செட் தின்ற கையோடு.
முதல் இதழின் மாதிரித் தாளில்
பீட்ரூட் சிவப்பு இன்னமும் இருக்கிறது.

இப்போது சண்டை பதினாறாம் பக்கத்துக்கு.

கொட்டச்சேட்டுக்கு மேலே, காப்பித் தோட்டத்து வேலியோரம்,
சில்வர் ஓக் வேர்கள் கோணல் படியாக இறங்கும் இடம்.
பாறையிலிருந்து லெவின் பறப்பதாக ஏற்பாடு.
கீழே குப்புறப் படுத்திருந்தேன்,
முழங்கையில் எறும்பு ஏறுவது தெரிந்தும் அசையாமல்.
காமிராவுக்குள் முதலில் வந்தது லெவின் இல்லை.
கேரியரில் இரண்டு பலாப்பழம்,
ஹேண்டில்பாரில் ஆடுகிற தூக்குப்போசி,
பிரேக் கட்டை தேய்ந்தே போன கறுப்பு சைக்கிள்.
முன்சக்கரத்தில் செருப்பை வைத்து அழுத்தி
ரப்பர் கருகும் வாசனையோடு
வேர் வேராக இறங்கினார் ஒருவர்.
விரல் தானாக அழுத்திவிட்டது.

பிறகு லெவினும் பறந்தான்.
அந்தப் படம்தான் கலங்கிப்போயிற்று.

"நல்ல படம். நம்ம பத்திரிகைக்கு இல்லை."
"அதே பாதை லெவின், அதே வேர்."
"அவரு வேற வழி இல்லாம வர்றாரு.
நாம வழி இருந்தும் வர்றோம்.
ரெண்டும் ஒண்ணா?"

எனக்குப் பதில் வரவில்லை.
வராததற்குக் காரணம், அவன் பக்கமும் ஞாயம் இருக்கிறது.
இருபது கொண்டை ஊசி வளைவையும்
தாரில் மிதித்து ஏறுகிறவர்களுக்கு
எங்கெங்கோ படம் வருகிறது.
சேறு பூசிய முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு
இந்த நாற்பது பக்கம் விட்டால் நாதியில்லை.
இன்றைக்குப் பலாப்பழம் என்றால்
நாளைக்குச் சாலைப் பந்தயம்,
அப்புறம் ஜிம்மில் நகராமல் மிதிக்கிறவர் வந்து
தனக்கும் இரண்டு சக்கரம்தான் என்பார்,
ஒன்றுகூட இருக்காது.
நாமக்கல் சந்தாதாரர் போன தடவையே எழுதினார்:
"நான் காசு கட்டுவது புழுதிக்கு. தாரை அனுப்பாதீர்கள்."

செவ்வாய்ப்பேட்டை அச்சகத்தில் மாதம்மாள் இருக்கிறார்.
எங்கள் இதழைச் சணல் கயிற்றில் கட்டி
லேடீஸ் சைக்கிளில் ஏற்றி, லாரிகளுக்கு நடுவே புகுந்து
புது பஸ் ஸ்டாண்டு பார்சல் ஆபீசில் சேர்ப்பவர்.
கட்டுப் பிரிந்த ஒரு பிரதியை
ஒருநாள் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டுக் கேட்டார்:
"இதுல ஒரு சைக்கிள்லயும் கேரியர் இல்லியே,
சாமானம் எதுல வெப்பாங்க?"

சிரித்தோம், இரண்டு பேரும்.
அச்சுக்கூலியை மட்டும் அன்று
பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு வந்தோம்.

படம் போடுகிறோமோ இல்லையோ, பேராவது தெரியட்டும் என்று
பலாப்பழக்காரரைத் தேடி செம்மநத்தம் போனேன்.
சடையப்பன் என்றார்.
போனில் படத்தைக் காட்டினேன்.
அவர் தன்னைப் பார்க்கவே இல்லை.
பின்னால், மங்கலாக, பாறை உச்சியில்
ஹெல்மெட்டோடு நிற்கிற உருவத்தை
இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்த்தார்.
"இந்தத் தம்பி அங்க எதுக்கு நின்னுச்சு?
எறங்கத் தெரியலியா?
ஒரு கொரல் குடுத்திருந்தா
நானே இட்டாந்து உட்டிருப்பனே."

இதை அப்படியே லெவினிடம் சொன்னேன்.
இரவு பதினொன்று. அச்சகத்திலிருந்து மூன்றாவது போன்.
அவன் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே இருந்தான்,
போதும் போதும் என்கிற அளவுக்கு,
தரையில் சொட்டும் வரை.

"நான் அந்தப் படத்துல இருக்கேனா?"
"ஓரத்துல. குண்டூசித் தலை அளவு."
"மலை சைக்கிளோட?"
"சைக்கிளோட."
"அப்ப போடு."

பதினாறாம் பக்கம் மிஷினுக்குப் போனது.
அட்டை வரியை அவனும் தொடவில்லை,
நானும் தொடவில்லை.