அழித்தவையும் சேர்த்து

குளியல் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார்
டயர்க்கடை கிஷ்டசாமி, தம் மடிக்கணினியை,
நோவு கண்ட கோழியைப்போல.
"மெதுவாயிடுச்சும்மா. வைரஸா பாரு."

சாட்ஸ்வொர்த் முழுக்க எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பெயர்தான்.
சளிக்கும் காசநோய்க்கும்
ஒரே மாத்திரை கேட்பார்கள்.

வைரஸும் இருந்தது.
தானாக நகரத் தெரியாமல்
பழைய விலைப்பட்டியல் ஒன்றின் முதுகில் தொற்றி,
திறக்கும் கைக்காகக் காத்துக் கிடந்தது.
"மினிபஸ் டாக்சி மாதிரி" என்றாள் தண்டேகா,
"ஆள் ஏறினால்தான் புறப்படும்."
புழுவுக்கு யார் கையும் வேண்டாம்.
பிரிண்டர், கல்லாப்பெட்டி, சுவர்க் கேமரா என்று
கடை வைஃபை வழியே
தானே ஊர்ந்து குட்டி போட்டிருந்தது.

இத்தனைக்கும் கதவு திறந்துவிட்டது
மின்வெட்டு அட்டவணை என்று வந்த ஒரு செயலி.
"நேரம் ஒருநாளும் தப்பினதில்லையே!"
பழைய வேலையாளுக்குப் பரிந்து பேசுவதுபோல் சொன்னார்.
அதுதான் அதன் தொழில், ஐயா.
சரியான நேரம் சொல்வது.

எட்டு மணிக்குக் கரண்ட் போனது.
மெழுகுவத்தி வெளிச்சத்தில் விசைப்பலகையைத் துலக்கினேன்.
பேக்ஸ்பேஸ் மட்டும் வழவழவென்று,
அடியில் ரப்பர் கிழிந்து,
தொட்டால் டொக்கென்று தனிச் சத்தம்.

கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் இனமென்றால்
கூச்சல் போட்டிருக்கும்.
கடைசியாக அகப்பட்டது ஊமை.
விரல் பட்டதையெல்லாம் எழுதிக்கொள்வது.
அதன் ஏட்டைத் திறந்தேன்,
எது களவு போயிற்று என்று தெரிய வேண்டாமா?

வங்கி எண். டயர் அளவுகள்.
கடவுச்சொல்: கெருஷ்னி94.
பிறகு, இரவு இரண்டு மணி வாக்கில்,

கெருஷ்னி கண்ணு அப்பா அன்னிக்கு
அழி அழி அழி அழி
பெர்த்துல குளிரா
அழி
அந்தப் பையனை நான் அப்படிப் பேசினது
அழி அழி அழி அழி அழி அழி

பதினான்கு மாதம்.
திரையில் ஓர் எழுத்து மிஞ்சவில்லை. ஒன்றும் அனுப்பவில்லை.
எல்லாவற்றையும் வாங்கி வைத்திருந்தவன்
எங்கோ முகமில்லாத ஒரு திருடன்.
எண்களைப் பொறுக்கிக்கொண்டு
மிச்சத்தை உமியென்று ஊதிவிட்டிருப்பான்.
படித்தது நான்தான்.
பாதியில் நிறுத்தியிருக்கலாம்.

விடிவதற்குள் துடைத்து முடித்தேன்.
கூரைமேல் ஹடேடா கத்திக்கொண்டிருந்தபோதே வந்துவிட்டார்.
"காசு போச்சா?"
"இல்ல. தப்பிச்சீங்க."
"வேற ஏதாச்சும்?"
"வேற ஒண்ணுமில்ல."
நல்ல முகம் காட்டி உள்ளே நுழையும் பொய்.
அதற்கு என் தொழிலில் வைத்திருக்கும் பெயர் எனக்குத் தெரியும்.

"கடவுச்சொல்லை மாத்துங்க" என்றேன். "பேரெல்லாம் வேண்டாம்."
விசைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.
தண்டேகா ரசீது எழுதி நீட்டினாள், நானூற்றைம்பது ராண்ட்,
அதையும் வாங்கவில்லை.

வாடிக்கையாளர் தட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வது
எங்கள் கடை வழக்கம்.
சுவரில் பழுதான மதர்போர்டுகளைப் பார்த்தபடி
காதால் எண்ணினேன்.
எட்டு. பன்னிரண்டு. இருபது.
அந்த டொக் வரவேயில்லை.
நாற்பதைத் தாண்டியது.
இவ்வளவு நீளம் தேவையில்லை என்று
சொல்ல வாயெடுத்தேன்,
தண்டேகா என் கையைப் பிடித்தாள்.