மருந்து

நார்மா ட்வைட்டுக்கு மாதாமாதம் மாத்திரை எண்ணிக் கொடுப்பவள் நான்,
மைல்ஸ் சிட்டி, மொன்டானா.
முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள்.
போன வசந்தத்திலிருந்து வலக்கையில் நடுக்கம்.
ரசீதில் கோணலாகக் கையெழுத்திட்டுவிட்டுக் கேட்டாள்:
"வல்லி, நீ எடை சரியாகப் போடுவாய்தானே?"

அவள் சமையல் மேசையில் தராசு.
கருமருந்து, எழுபது கிரெயின்.
அளவை எனக்குப் பழக்கம். பழைய ஆஸ்பிரின் ஒன்று ஐந்து கிரெயின்.
ஆகப் பதினான்கு ஆஸ்பிரின்.
தட்டான் கணக்கில் முப்பத்தைந்து குன்றிமணி.
கரி, கந்தகம், வெடியுப்பு:
சாத்தூர்க்காரிக்கு அதைச் சொல்லித்தர வேண்டாம்.
ஆற்றுவதற்கும் சுடுவதற்கும்
எங்கள் மொழியில் ஒரே சொல்தான் என்றேன்.
"சிக்கனமான ஆட்கள்" என்றாள்.

நீளப் பித்தளைக் குழாய் வழியே
மெதுவாக இறங்க வேண்டும் கூட்டுக்குள்.
அதன்மேல் அட்டை வில்லை,
தேன்மெழுகும் கொழுப்பும் பூசிய ஈயம்.
நடுவே வெற்றிடம் கூடாது;
விட்டால் துப்பாக்கி தன்னைத்தானே சுட்டுக்கொள்ளும்.
இருபது செய்தோம்.
தேவை ஒன்று.

நவம்பர்.
கம்பி வேலிக்குள் முப்பது பைசன்.
எங்களுக்கான காளையின் காதில் மஞ்சள் வில்லை: 212.
பணம் ஏறிவிட்டதா என்று
பண்ணைக்கார ரஸ்ஸல் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
துப்பாக்கி 1881இல் செய்தது,
இந்தச் சமவெளியையே காலி செய்த வருடங்களின் சரக்கு.
நார்மா பனியில் உட்கார்ந்து
குறுக்குக் கழிகளின்மேல் குழலைக் கிடத்தினாள்.
நடுக்கம் கழிக்குப் போயிற்று,
கழியிலிருந்து பனிக்கு.
நூறு கஜம்.

வெடித்தது.
பிறகு வெள்ளை.

மருந்துக்கும் காற்றில்லை அன்று.
புகை எழுந்த இடத்திலேயே நின்றது,
ஒரு மாட்டளவு, பிறகு ஒரு கொட்டகையளவு.
பட்டதா, ஓடிவிட்டதா,
எங்களை நோக்கித்தான் வருகிறதா?
அழுகிய முட்டை வாடை.
காலிக் கூட்டை உருவிவிட்டு
குழலுக்குள் வாயால் ஊதினாள் நார்மா,
உள்ளே கரி இறுகாமலிருக்க.
அந்த மூச்சு மட்டும் கேட்டது.
நான் அளந்ததில் ஒன்றிரண்டு குறைந்திருக்குமோ?
இருபத்திரண்டு வருடக் கடையில்
மருந்து போய் என்ன செய்கிறதென்று
ஒருநாளும் நின்று பார்த்ததில்லை நான்.

புகை கிழிந்தபோது
212 நின்றுகொண்டிருந்தது,
அடுப்பை அணைத்தோமா என்று யோசிப்பவர்போல.
"இன்னொன்று வேண்டாம். பொறு."
முன்னங்கால் மடிந்தது முதலில்.
மற்றவை ஓடவில்லை. வந்து சூழ்ந்தன.
ஒரு கிடாரி கொம்பால் விலாவை நெம்பி
எழு, எழு என்றது
நான்கு நிமிடம்.
டிராக்டர் எடுக்கப் போன ரஸ்ஸல்
ஒரு காலை ஏணிப்படியில் வைத்தபடியே நின்றான்.

இரவு கொதிநீரும் சோப்பும் ஊற்றிக் குழலைக் கழுவினாள்.
கறுப்பு வந்தது, பழுப்பு வந்தது,
வெகுநேரம் பழுப்பே வந்தது.

அடுத்த வாரம் கவுண்டரில்
காகிதத்தில் சுற்றிய நான்கு பவுண்டு கறியை எனக்கென்று வைத்தாள்.
தன் மாத்திரையை இதோடு விழுங்கலாமா என்று கேட்டாள்.
கூடாது, என்றேன்.
ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்.
சேர்ந்து உள்ளே போனால்
மருந்து தோற்கும்,
மாடுதான் ஜெயிக்கும்.