கார்டிஃப் அழைக்கிறது

மூன்று கோப்பை வாங்கித் தந்தவர்தானே,
நாட்டு ரக்பி அணியையும் கொடுத்துப் பார்க்கலாமே என்கிறார்கள்
மதுக்கடையில், நனைந்த கோட்டோடு.

நான் ஜெர்சி துவைப்பவள். எனக்குத் தெரிந்தது சேறு.
டெகிட்டின் இடது தோள் எப்போது இறங்கும் என்று
இட்வாலுக்கு, அவன் நடந்து வரும்போதே தெரியும்.
ஸ்க்ரம் சரிந்தால், ராத்திரி யார் வீட்டில்
குழந்தை தூங்கவில்லை என்று கேட்பார்.
பதினோரு குளிர்காலத்துக் கணக்கு அது.

அங்கே வீரர்கள் இரவல்.
பத்து நாள். பெயர் மனப்பாடமாவதற்குள்
திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

நேற்று விளக்கணைக்க வந்தவர் கேட்டார்:
"போகட்டுமா, மோர்வென்?"
மெஷின் சுற்றி நிற்கும்வரை பேசவில்லை நான்.

சேறு எங்கேயும் ஒன்றுதான், என்றேன்.

பொய்.
எங்கள் சேறு கருப்பு, நிலக்கரி கலந்தது;
மூன்று தண்ணீர் விட்டாலும் போகாது.