கடைமுழுக்குக்கு மறுநாள்

சீர்காழிப் பஸ்ஸில் ஒரு குலுக்கல்.
மேலே இருந்த பெட்டி
என் தோளைத் தட்டிவிட்டுத்தான் விழுந்தது,
சொல்லிக்கொண்டு போகிற விருந்தாளி மாதிரி.

கழுத்து விட்டுப்போன வயலினோடு
மாயவரத்தில் இறங்கினால்
ஊரே ஆற்றிலிருந்து திரும்புகிறது. ஐப்பசி கடைசி.
ஈர வேட்டிகளுக்கு எதிர்த்திசையில்
நான் ஒருத்தன்தான் காய்ந்த ஆள்.
மணிக்கூண்டு தாண்டி, செல்போன் கடை மாடி.

பிரிசில்லா சர்ச் கீபோர்டு பார்ப்பாள்,
பேண்டு செட் கிளாரினெட் பார்ப்பாள்.
எப்போது கச்சேரி என்றாள்.
நாளை ராத்திரி, குத்தாலம்.
பக்கவாத்தியம்தான் என்றேன்.
அந்தத் 'தான்' என் வாயில் தானாக வரும்.

கத்தியை வெந்நீரில் காட்டி
பசையை மெல்லக் கிள்ளி
மேல்பலகையைத் திறந்தாள்.
உள்ளே அந்தச் சீட்டு:
இத்தாலி ஊர், பெரிய கைக்காரர் பேர், 1721.
நாற்பது வருஷம் ஓட்டை வழியே எட்டிப் பார்த்து
நான் நிமிர்ந்து நடந்த சீட்டு.
நாகப்பட்டினத்தில், அடகில் மூழ்கிய சாமான்களோடு
அப்பா ஏலத்தில் எடுத்தது.
பெண் பார்க்கப் போன இடத்தில்கூட
இதைத்தான் முதலில் சொன்னோம்.

"இது பொய் சார்,"
வலிக்குதா என்று கேட்டுக்கொண்டே
ஊசி போடுகிற நர்ஸ் குரலில்.

மார்க்நொய்கிர்ஷன்.
மூன்று தரம் சொல்லச் சொன்னாள், மூன்றிலும் தடுக்கினேன்.
திருப்பள்ளிமுக்கூடல் சொல்கிற நாக்குதான்.
ஜெர்மனியின் ஓரத்தில், ஊசியிலைக் காட்டுக்குள் ஒரு சின்ன ஊர்.
வேதத்துக்காக மலை தாண்டி ஓடிவந்தவர்கள்
உளியை மட்டும் விடாமல் கொண்டுவந்தார்களாம்.
பிறகு சுற்றுவட்டாரமே அந்த வேலை.
ஒரு வீட்டில் தலைச்சுருள் மட்டும்.
அடுத்த கிராமத்தில் கழுத்து மட்டும்.
பனியில் கூடை சுமந்து
வியாபாரி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான்
அது வயலின்.
செய்தவன் பேர் எதிலும் இல்லை.
கேட்டவனுக்குக் கேட்ட பேர் ஒட்டிக்
கப்பல் கப்பலாய் அனுப்பினார்கள்.

எனக்குக் கல்லணை ஞாபகம் வந்தது.
ஒன்றாய் வந்த தண்ணீர் அங்கே கைபிரிந்து
வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன்,
அப்புறம் பேரில்லாத கன்னி வாய்க்கால்,
கடைமடையில் யார் வயலிலோ நிற்கும்.
அந்த ஊரில் தலைகீழ்.
வாய்க்காலெல்லாம் கூடி ஆறு.

பலகையின் அடிப்பக்கம் டார்ச் அடித்துக் காட்டினாள்.
பென்சில். நாலு கோடு, குறுக்கே ஒன்று.
அன்றைய கணக்காக இருக்கலாம். பூக்காரி முழம் எண்ணுகிற மாதிரி.
மூன்றாவது கோடு கொஞ்சம் வழுக்கியிருந்தது.
குளிரோ, பசியோ,
யாராவது கூப்பிட்டார்களோ.

"சீட்டை எடுத்துடவா சார்?"

குத்தாலம் சுவரொட்டி என் பையில் இருந்தது.
பாடுகிறவர் பேர் கட்டை விரல் பருமன்.
கீழே, கடுகளவில்,
வயலின்: பக்கிரி சாமிநாதன்.
நான் பக்கிரிசாமி. அப்பா பேர் உலகநாதன்.
அந்தச் சாமிநாதன் யாரென்று
அச்சகத்துக்கே தெரியாது.

இருக்கட்டும் என்றேன்.
இத்தனை வருஷம் குடியிருந்ததை
மழைக்காலத்தில் எங்கே துரத்துவது.
அந்தக் கோடுகளுக்குப் பக்கத்தில்
நீயும் ஒன்று போடு என்றேன்.
சிரித்தாள். பென்சில் தேடினாள்.
கண்மை பென்சில்தான் கிடைத்தது.

பசை காய மறுநாள் சாயங்காலம் ஆயிற்று.
கார்த்திகை ஒன்று. முடவன் முழுக்கு.
நேற்று வந்து சேர முடியாத நொண்டிக்காக
காவிரி ஒருநாள் கூடக் காத்திருக்கும் என்பது ஏற்பாடு.
துலாக்கட்டத்தில் கூட்டம் கலைந்திருந்தது.
பெட்டியைத் தலைமேல் தூக்கிக்கொண்டு
முழங்கால்வரை இறங்கிவிட்டு
ஓட்டமாய்ப் பஸ் பிடித்தேன்.

குத்தாலத்தில் மைக் இரண்டு தரம் கனைத்தது.
"வயலின், திரு. பக்கிரி சாமிநாதன்!"
எழுந்து கும்பிட்டேன்,
அவருக்கும் சேர்த்து.