அகெய்ன்

புதுக்கடை. மூன்றாம் இலக்க நீதிமன்று.
சட்டத்தரணியின் ஆங்கிலம் ஒரு காதில்,
எழுதுநரின் சிங்களம் மறு காதில்,
இரண்டுக்கும் நடுவே சம்பளத்துக்கு நிற்பவள் நான்.

எமரென்சியா, ஜம்பட்டா வீதி, தையல் வேலை.
கேள்வியின் கடைசிச் சொல் அகெய்ன்.
"உங்கட காப்பை அவர் மீண்டும் எடுத்தாரா?"
கணக்குத் தெரியாதவளைப் பார்ப்பதுபோல்
என்னைப் பார்த்தாள்.

"மூணு தரம் நான் மீட்டேன் மிஸ்,
செட்டியார் தெருவில வட்டியும் கட்டி.
நாலாந் தரம் எடுத்தாரு.
அது மீளல்ல."

நான் கேட்டது ஒரு மீள்.
அவள் தந்தது இன்னொன்று.
"ஓம், அகெய்ன்" என்று ஆங்கிலத்தில் ஒப்படைத்தேன்.
எழுதுநர் 'ஆயெத்' என்று எழுதி
அடியில் கோடு இழுத்தார்.
அந்த மூன்று வட்டியும்
எந்த மொழியிலும் ஏறவில்லை.

இரவு, வெள்ளவத்தையில்,
அட்டை கழன்ற அகராதியைப் புரட்டினேன்.
அகெய்ன்: ஆதியில் 'எதிரே'.
முகத்துக்கு நேரே.
மறுபடி என்ற பொருள் பிறகு வந்து ஏறியது.
போனவன் திரும்பினால்
எதிரேதானே வந்து நிற்பான்.
அதே சொல் வாலில் ஓர் ஒலியை ஒட்டிக்கொண்டு
எதிர்ப்பதற்கு அகெய்ன்ஸ்ட் ஆயிற்று.
ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

பாணந்துறை ரயில் போனது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது.
சிரிப்பு வந்தது எனக்கு:
நம் மறுவும் இதே கூத்துத்தானே.
மறுநாள் என்கிறோம், மறுசோறு என்கிறோம்,
மறுத்துவிட்டாள் என்கிறோம்.
காப்பு கிடந்த மணிக்கட்டில்
வெயில் படாமல் வெளுத்திருந்த வளையம்,
அதையும் மறு என்றே சொல்லலாம்.

தவணை பதினாறாம் திகதி.
அவள் புருஷன் சவரம் செய்து வந்திருந்தான்.
அவன் பக்கத்துச் சட்டத்தரணி கேட்டார்,
சேர்ந்து வாழ்வது பற்றி, குழைவாக,
கடைசியில் அதே சொல்.

என் வாயில் மூன்று தமிழ் வந்து முண்டின.
பதினொரு வருடத்தில் முதல் தடவை
பழையதை எடுத்தேன்.
"அவருக்கு எதிரே போய் நிப்பீங்களா?"

எமரென்சியா முந்தானையைச் செருகினாள்.
"இப்ப எங்க நிக்கிறேன் மிஸ்?"

எழுதுநரின் பேனை
என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தது.