எடுத்தேனாம்

லோசானில் பிப்ரவரி. ஏரிக்காற்று
கண்ணாடிக் கதவுவரை வந்து திரும்பிப் போகிறது.
உள்ளே மூன்று நடுவர்கள். ஆளுக்கொரு தண்ணீர்க் குப்பி.
அவள் மட்டும் மூடியின் வளையத்தை
வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
பிறகும் குடிக்கவில்லை.

பெயரைச் சொல்லச் சொன்னார்கள். ஸ்த்ராவ்கா மினேவா.
ஸ்த்ராவ்கா என்றால் நோயற்றவள்.
பெயர்களை நாங்கள் மொழிபெயர்ப்பதில்லை.

என் வேலை எளிது.
அவள் பல்கேரிய மொழியில் ‘நான்’ என்றால்
நான் ஆங்கிலத்தில் ‘நான்’ என்பேன்.
‘அவள்’ என்று சொல்லக் கூடாது.
ஆக, காலை ஒன்பதரையிலிருந்து
உலகத் தரவரிசையில் நூற்று அறுபத்தெட்டு நான்.
என் இடது முழங்காலை இரண்டு முறை அறுத்திருக்கிறார்கள்.
மொனாஸ்டிரில் காலிறுதி தோற்ற இரவு
அதிகாரி ஒருத்தி கண் எடுக்காமல் நிற்க
பிளாஸ்டிக் கோப்பையில் சிறுநீர் கொடுத்தேன்.
இரண்டாம் குப்பியையும் சோதிக்கப் பணம் கட்டக்
காரை விற்றேன்.
மெக்னீசியத் தூள் டப்பாவா? குப்பையில் போட்டேன்.
காலி டப்பாவை யார் பத்திரப்படுத்துவார்கள்?

எனக்கு வயது ஐம்பத்து மூன்று.
டென்னிஸ் மட்டையைத் தொட்டதில்லை.

கிரனோபிலிலிருந்து நிபுணர் ஒருவர் திரையில் வந்தார்.
ஒரு சென்டிமீட்டர் முடி ஒரு மாதம் என்றார்.
அவள் பின்னலில் நறுக்கிய நாலு மாதத்தில்
அந்த மருந்து இல்லை.
இல்லாததால் எடுக்கவில்லை என்றாகாது,
அடிக்கடி எடுக்கவில்லை என்று மட்டுமே ஆகும்.
அவள் காதில் இதைக் கிசுகிசுக்கும்போது
என் கை தானாக என் பிடரிக்குப் போனது.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்தார்:
பின்னே அது எப்படி உங்கள் உடம்புக்குள் வந்தது?

அவள் சொன்னது ஒரே ஒரு வினைச்சொல்.
எங்கள் மொழியில் வினைக்கு ஒரு வால் ஒட்டலாம்.
ஒட்டினால்,
செய்தது நான்தான் என்று தாள் சொல்கிறது,
ஊர் சொல்கிறது,
என்னைப் பற்றி நானும் கேள்விப்பட்டேன்
என்று பொருள்.
எடுத்தேனாம்.

ஆங்கிலத்தில் அந்த வால் இல்லை.
என் வாய் ‘எடுத்தேன்’ என்றது.

மூன்று பேனாக்கள் ஒன்றாகக் குனிந்தன.
மணிக்கு ஐந்நூறு பிராங்க் வாங்கும் அவள் வழக்கறிஞர்
கண்ணை மூடிக்கொண்டார்.
அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தாள்,
நடுவர் கூவாத பந்து கோட்டில் விழுந்ததா வெளியே விழுந்ததா என்று
தடத்தைத் தேடுகிறவள்போல.

கையைத் தூக்கினேன்.
முறைப்படி என்னை நானே மூன்றாம் ஆளாக்கி
‘மொழிபெயர்ப்பாளர் திருத்துகிறார்’ என்றேன்.
‘எடுத்ததாகச் சொல்லப்படுகிறது.’
தலைமை நடுவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.
யாரால் சொல்லப்படுகிறது?

அதுதானே ஐயா வழக்கு.

இதை நான் சொல்லவில்லை.
சொல்வதற்கு அன்றைக்கு என்னிடம் ‘நான்’ இல்லை.

இடைவேளை. காப்பி இயந்திரத்தருகே
சொந்த மொழியில், தணிந்த குரலில் கேட்டாள்:
நீங்கள் நம்புகிறீர்களா?
கீழ்த்தளத்துக் காப்பி இதைவிடத் தேவலை என்றேன்.
தலையைப் பக்கவாட்டில் ஆட்டினாள்.
எங்களுக்கு அது ‘ஆம்’.
வாசலில் நின்ற சுவிஸ் காவலாளி
மறுக்கிறாள் என்றே நினைத்திருப்பான்.

தீர்ப்பு ஜூனில் வந்ததாம்.
எனக்கு யாரும் அனுப்பவில்லை.
ரயிலில் எதிர் இருக்கைக்காரர் விரித்த பேப்பரில்
சைக்கிள் பந்தயத்துக்குக் கீழே மூன்று வரி.
நாலு வருடத் தடை இருபது மாதமாகக் குறைந்ததாம்.
தவறு உண்டாம், பெரிய தவறில்லையாம்.
அவர் பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

வேவே நிலையத்தில் படியிறங்கும்போது
இடது முழங்கால்
லேசாக இழுத்தது.